முப்பத்தொன்றரை

செம்பனை மறுநடவு.
என் எக்ஸ்கவேட்டர் வாளி
அழுகிய அடிமரத்தைப் புரட்டியபோது
அடியில் சுருண்டிருந்தவளை இரண்டாக்கியது.
இறங்கிப் பார்த்தேன்.
ஒன்றோடொன்று ஒட்டிய பத்தொன்பது முட்டைகள்,
இன்னும் சூடாக.

பீடோர் சந்தையில்
மீன்வாடை போகாத போலிஸ்டிரின் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.
அடியில் நான்கு விரல் தண்ணீர், மீன்தொட்டி ஹீட்டர்,
மேலே அடுப்புக் கம்பித்தட்டு, ஈரப்பாசி.
கோழிமுட்டை மாதிரி புரட்டக்கூடாது, செத்துவிடும்.
மேல்பக்கம் தெரிய
ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு புள்ளி.
"பொட்டு வேறயா" என்றாள் மங்களேஸ்வரி.
கரண்ட் பில்லைப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டினாள்.

ஐம்பத்திரண்டாம் நாள் மழையில் கரண்ட் போனது.
முப்பத்தொன்றரை
முப்பதாகி, இருபத்தெட்டாகி...
மலைப்பாம்பு நடுங்கி நடுங்கித்தான்
முட்டைக்குச் சூடு கொடுக்குமாம்.
போர்வையோடு பெட்டியை வளைத்துப் படுத்தேன்.
நடுங்கத்தான் செய்தேன்,
அதில் சூடு இல்லை.

டார்ச்சோடு வந்தான் பக்கத்துவீட்டு ஆ கியோங்,
போன வருஷம் மலைப்பாம்புக்கு
ஏழு வாத்துகளைப் பறிகொடுத்தவன்.
என்ன முட்டை என்றான் மலாயில்.
வாத்து என்றேன்.
தெர்மாமீட்டரில் வெளிச்சம் அடித்துப் பார்த்தான்.
"வாத்துக்கு முப்பத்தேழரை."
போய்விட்டான்.

கேட் மறுபடி கிறீச்சிட்டது.
இரண்டு கக்கத்திலும் வெந்நீர்க் குடுவைகள்.
விடியும்வரை எனக்கு டார்ச் பிடித்தான்,
முட்டைகளை மட்டும்
ஒரு தடவைகூடப் பார்க்காமல்.