பாதி வெட்டிய லேபிள்

காதர்பேட்டையில் எனக்கு வேலை
கழுத்துப்பட்டியில் இருக்கும் பேரைப் பாதி வெட்டுவது.
முழுசாக வெட்டினால் வாங்குகிறவன் நம்பமாட்டான்,
வெட்டாமல் விட்டால் வக்கீல் நோட்டீஸ்.
"பாதியில நிக்கோணும் கத்திரி" என்பார் ஓனர்.
ஒரு நாளைக்கு எண்ணூறு கழுத்து.
வெட்டிய பிறகு எல்லாமே
பேர் போன பனியன்தான்.

ராத்திரி எனக்கு வேறு கத்திரி.

சோமனூரில் சித்தப்பாவின் தறிக்குடோன்.
எட்டுத் தறியில் மூணாம் நம்பர் நொண்டி.
ஆறு அடி ஒழுங்காய் அடிக்கும்,
ஏழாவதில் ஒரு விக்கல்.
நூல்கோன் மேல் போனைச் சாய்த்து வைத்து
நாற்பது நிமிஷம் பதிந்தேன்.
பஞ்சு மூக்கில் ஏற
தும்மலை அடக்கிக்கொண்டு நின்றதுகூட
அதற்குள் எங்கோ இருக்கும்.

அந்த விக்கலுக்குக் கீழே
சிமென்ட் அட்டையில் பெய்த மழை,
பல்லடம் ரோட்டில் பின்னால் நகரும் லாரியின் பீப்பீ.
அதற்கும் மேலே,
செக்கிங் டேபிளில் எதிரே நிற்கும் லிப்சா
ஓட்டை தேடிக்கொண்டே முனகும் மெட்டு.
அவளிடம் கேட்கவில்லை.
கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.
'ஏழாவது அடி' என்று பேர் வைத்து ஏற்றினேன்.
நாலாயிரம் பேர் கேட்டார்கள்.

ஆறு மாசம் கழித்து ஒரு கம்பெனி
நொண்டியை மட்டும் நறுக்கி எடுத்து
ஓட்டப்பந்தயச் செருப்பு விளம்பரத்துக்கு வைத்தது.
வைத்ததைப் பதிவும் செய்துகொண்டது.
இயந்திரம் இரண்டையும் ஒட்டிப் பார்த்தது.
ஒன்றேதான் என்றது.
எது மூத்தது என்று அதற்குக் கேட்கத் தெரியவில்லை.

"ஐம்பத்தோராம் நொடி முதல் பிறர் சொத்து.
மறுப்பு இருந்தால் ஏழு நாளில் ஆதாரம்."
ஏழு!
சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து
குடோனுக்கு ஓடினேன்.
அதே கோன், அதே மூலை, அதே போன்.
ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு
ஏழு.
எட்டு.
விக்கவே இல்லை.
"பொங்கலுக்கு முந்தியே ஃபிட்டர் வந்துட்டாரு கண்ணு,
இப்ப ஜம்முனு ஓடுது" என்றார் சித்தப்பா,
எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து.
கழற்றிப் போட்ட பிக்கர் எங்கே என்றேன்.
காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

இனி உலகத்தில் அந்த நொண்டி
இரண்டே இடத்தில்தான்:
செருப்புக்காரனிடம் அசலாக,
என்னிடம் திருட்டாக.

திங்கள்கிழமை டீ நேரத்தில்
லிப்சாவின் காதில் ஒரு பக்கத்து இயர்போனை வைத்தேன்.
கேட்டாள். ஊதிக் குடிப்பதை நிறுத்தினாள்.
"யே தோ நான்" என்றாள்,
அவள் தமிழ் பாதி, இந்தி பாதி.
"ஆமா, நீதான்."
அவளை மட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை.
நான் உண்மையாகவே எடுத்தது அதை ஒன்றைத்தான்.

"பைசா வந்துச்சா?"
"ஒத்தப் பைசா வரலை. வழக்குதான் வந்துருக்கு."
"வந்தா?"
"வந்தா பாதி."
"எழுதிக் குடு."

காகிதம் தேடினேன். கிடைத்தது
வெட்டி எறிந்த துவைப்பு லேபிள்.
பின்பக்கத்தில் 'பாதி' என்று எழுதி
என் பேரைப் போட்டேன்.
அவள் பால்பேனாவை வாங்கி
வட்டம் வட்டமாய் ஒடியாவில் எதையோ எழுதினாள்.
அவள் பேராக இருக்கும்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.

படிவத்தில் இன்னும் நிரப்பாத ஒரு கட்டம்:
'உரிமையாளர் பெயர்.'
கர்சர் துடிக்கிறது,
எண்ணிப் பார்க்கிறேன்,
எந்த அடியிலும் விக்காமல்.