பதினான்காவது நாற்காலி

பன்னிரண்டு பேர் தீர்ப்புச் சொல்ல.
இரண்டு பேர் உபரி,
யாராவது காய்ச்சலில் படுத்தால்
அந்த இடத்தில் உட்கார.
நான் பதினான்காவது.
யூமாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன் என்று
முதல் நாளே சொன்னேன்.
இரு தரப்பு வக்கீல்களும்
எதையோ குறித்துக்கொண்டார்கள்.

காப்பகத்து ரோசல்பா முதலில் வந்தாள்.
பதிவேட்டில் ஜூனியின் பெயருக்கு நேரே
ஒரு கட்டம் காலி.
ஒன்பது மணிக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?
அப்படி விதி இல்லை, ஐயா.
அப்புறம் யாரும் கேட்காமலே,
இப்போது போடுகிறேன், என்றாள்.
ஐந்து நிமிடம் தாமதமானாலும் போடுகிறேன்.
திட்டுகிறார்கள்.

வாகன நிறுத்தத்தின் கேமரா:
எட்டரை மணி நேரத்தை
நாற்பது நிமிடமாகச் சுருக்கிக் காட்டினார்கள்.
ஒன்றும் நடக்கவில்லை.
பாலோ வெர்டே மரத்தின் நிழல்
காரின் மேல் ஏறி
மறுபக்கம் இறங்கியது.
வென்டல் ஓக்ஸ், தகப்பன்,
படத்தைப் பார்க்கவில்லை.
மூலையில் ஓடிய கடிகாரத்தை மட்டும் பார்த்தான்.

பதினொன்று இருபதுக்கு
படத்தில் ஒருவர் குனிகிறார்.
அவரையும் கூண்டில் ஏற்றினார்கள்.
ஷூ நாடா அவிழ்ந்திருந்தது.
பானெட்டில் கையை ஊன்றினேன்.
சுட்டது.
எடுத்துவிட்டேன்.
வேறு ஏதாவது கேட்டதா?
பதில் சொல்ல
அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில்
நான் பத்து வரை எண்ணிவிட்டேன்.

நீதிமன்றத்தில் ஏசி அதிகம்.
குறைக்கச் சொல்லி
இரண்டு முறை சீட்டு அனுப்பியிருந்தோம்.
சவப் பரிசோதனை மருத்துவர்
உள்ளே இருந்த வெப்பத்தை
மணிவாரியாகச் சொல்லி முடித்த பிறகு
யாரும் சீட்டு அனுப்பவில்லை.
ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

குழந்தை இருக்கை, சான்றுப் பொருள் இருபத்தாறு.
காவலர் அதை
இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்,
ஆடாமல், மெதுவாக.
மேசையில் வைத்த பிறகுதான்
தான் நடந்த விதம் அவருக்கே தெரிந்தது.

நினைவைப் பற்றிப் பேச வந்த பேராசிரியர்
படம் போட்டுக் காட்டினார்:
மூளையில் ஒரு பகுதி திட்டமிடும்,
ஒரு பகுதி பழகிய வழியில் ஓட்டும்.
அரசு வக்கீல் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பி
டிப்போ வாசலில் போய் நின்றிருக்கிறேன்,
எத்தனையோ தடவை.

தாய், கோரீன், கடைசி நாளில்.
ஐந்தரைக்குக் காப்பகம் போனேன்.
ஜூனி இன்று வரவில்லையே, என்றாள் ரோசல்பா.
நான் சிரித்தேன், என்றாள் கோரீன்.
விளையாடுகிறாள் என்று நினைத்து
சிரித்தேன்.
நீதிபதி பதினைந்து நிமிடம்
இடைவேளை விட்டார்.

என் வண்டியில் ஒரு மணி உண்டு.
எஞ்சினை அணைத்தால் அலறும்.
கடைசி இருக்கை வரை நடந்துபோய்
பின்சுவரில் உள்ள பொத்தானை அமுக்கினால்தான்
நிற்கும்.
என்னை நம்பாத எவனோ செய்தது.
பதினோரு வருடமாகத்
திட்டிக்கொண்டே நடக்கிறேன்.

வாதங்கள் முடிந்தன.
உபரி ஜூரர்களுக்கு நன்றி,
நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.
பன்னிரண்டு பேர் உள்ளே போனார்கள்.
பதின்மூன்றாமவர் கைகுலுக்கிவிட்டு
பார்க்கிங் கட்டணத்தை
யார் தருவார்கள் என்று விசாரிக்கப் போனார்.
என்னிடமும் ஒரு தீர்ப்பு இருந்தது.
யாருக்கும் அது தேவைப்படவில்லை.
இரண்டு நாள் வைத்திருந்தேன்.
மூன்றாம் நாள் பார்த்தால்
அது மாறியிருந்தது.
நான்காம் நாள் வானொலியில் செய்தி தொடங்கியதும்
அணைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கடைசி நடை.
டிப்போவில் எஞ்சினை அணைத்தேன்.
மணி அலறியது.
ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்தேன்:
ஒரு தண்ணீர் பாட்டில்,
பாதி தின்ற ஆப்பிள்,
கண்ணாடியில் விரலால் வரைந்த ஒரு நாய்.
பொத்தானில் கையை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம்
அதை அலற விட்டேன்.