படிவம் ஏழு: கரை

ஆவாரங்காட்டு ஏரியின் கரை
ஆயிரத்து அறுநூறு மீட்டர்.
அதில் நடப்பதையெல்லாம்
மூன்று கட்டங்களுக்குள் அடைத்துவரச் சொல்லி
என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

நீரின்றி நடக்காதது.
நீர் இருந்தால் நல்லது.
நீரைப் பார்த்துக்கொண்டிருப்பது.
எதிலும் சேராததைக்
கரையைவிட்டுக் கிளப்பிவிடலாம் என்பது விதி.

எல்லோரிடமும் ஒரே கேள்வி:
இத்தொழிலை வேறிடத்தில் நடத்த இயலுமா?

மீன் குத்தகை சென்றாயன் சிரித்தார்.
"ஜிலேபிக் கெண்டைய
ஏற்காட்டு பஸ்ஸுல ஏத்தி உடட்டுங்களா?"
முதல் கட்டம். டிக்.

பாவாயி, சிவதாபுரத்து வெள்ளிப் பட்டறைகளில்
கூட்டிய மண்ணை மூட்டை விலைக்கு வாங்கிவந்து
மதகடியில் சட்டியில் சுழற்றி அலசுகிறார்.
யாருடைய காலுக்கோ போய்விட்ட கொலுசின் அரத்தூள்,
நாளொன்றுக்கு நகக்கண் அளவு.
"கொழாத் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருது,
அதுலயா வெள்ளியத் தேடறது?"
இதுவும் முதல் கட்டம்தான்.
அலசிய கறுப்பு ஏரிக்குள் போவதை எழுதப்
படிவத்தில் இடமில்லை.

சாயப்பட்டறை துவாரகநாத்
நூலைக் காட்டவில்லை, ரசீதைக் காட்டினார்.
எல்லாம் லாரித் தண்ணீர்,
ஏரிக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை.
பின்சுவரில் ஒரு குழாய்
ரோஜா நிறத்தில்
சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தது.

'லேக் வியூ' காபிக் கடையில்
தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி.
நாற்றம் என்று திரையை இழுத்து விட்டிருந்தார்கள்.
மூன்றாம் கட்டம் என்று
எனக்கு முன்பே யாரோ பென்சிலில் குறித்திருந்தார்கள்.

கருமாதிக்கு வந்த குடும்பம்
பதினைந்து நிமிடம் நீரைச் சார்ந்திருந்தது,
பிறகு பஜ்ஜியை.

ஏப்ரலில் வந்திருந்தால்
நடு ஏரியில் கிரிக்கெட் நடந்திருக்கும்.
சேர்வராயன் மலையில் பெய்து இறங்கும்வரை
இங்கே எல்லாமே நீரின்றித்தான் நடக்கிறது.
அதற்கும் கட்டமில்லை.

இரண்டு மணி வெயிலில் கலிங்குக் கல்லில் ஒரு பெண்.
கழுத்தில் சேகோ பேக்டரி அடையாள அட்டை.
துவைக்கவில்லை, தூண்டில் போடவில்லை.
ஏரியைப் பார்க்கிறாரா என்றால் அதுவும் இல்லை,
கண் மூடியிருந்தது.

கேள்வியைப் படித்தேன்.
'இத்தொழிலை' என்ற இடத்தில்
என் குரல் தடுக்கியது.
ஒரு நீர்க்காகம் முங்கி, வேறெங்கோ எழுந்தது.
அதற்கப்புறம் சொன்னார்:
"ஊடு ஒரே ரூமுங்க. மாமியா, கொழுந்தன், மூணு புள்ளைங்க.
பேக்டரில கேமரா.
இங்கதான் ஏன் சும்மா உக்காந்திருக்கேன்னு
யாரும் கேக்க மாட்டாங்க."
என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"நீங்க கேட்டுட்டீங்க."

பெயர் கேட்கவில்லை.
முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு
வேகமாக நடந்தேன்.

வெள்ளிக்கிழமை படிவம் திரும்பி வந்தது.
வரிசை முப்பத்தேழில் சிவப்பு வட்டம்:
இது செயல் அல்ல. நீக்கவும்.
திட்ட அலுவலர் கோபமாகச் சொல்லவில்லை.
"உட்கார ஏரி எதுக்கும்மா?
புது நடைபாதையில் பன்னிரண்டு பெஞ்சு போடுகிறோம்.
பயமில்லாமல் இருக்கலாம்,
பெஞ்சுக்கு ஒரு கேமரா."

நீக்கினேன்.
நீக்கியபின் எண்களைத் திருத்த
மறந்துவிட்டதாக
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அச்சாகி வந்த பிரதியிலும்
அப்படியேதான் இருக்கிறது.
முப்பத்தாறு, பஜ்ஜிக் கடை.
முப்பத்தெட்டு, ஆட்டோ நிறுத்தம்.