அமைதிப் புள்ளி

முதலில் ஒரே ஒரு மின்தடைதான் போட்டேன்,
ஒன்பது வோல்ட் பேட்டரியிலிருந்து நேரே பேஸுக்கு,
ஒன்றரை மெகா ஓம்.
இரவில் கலெக்டர் நாலரையில் நின்றது.
பாதிக்குப் பாதி. படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் மோல்மேன், படகுத் துறைக்குப் பின்னால்
ஊ மியா தவுங்கின் கிட்டங்கி.
தகரக் கூரை, சித்திரை வெயில்,
மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் காற்று நுழைய வழியில்லை.
உச்சிப் பொழுதில் கலெக்டர் மூன்றே முக்காலுக்கு இறங்கியிருந்தது.
சரி, சூடு.
சாய்ங்காலம் டிரான்சிஸ்டரின் கால் ஒடிந்தது.
அதே பொட்டலத்திலிருந்து இன்னொன்று,
அதே எண், அதே கறுப்பு அரைவட்ட முகம்.
மீட்டர் காட்டியது: 0.1.
ஒரு பொட்டலத்துப் பிள்ளைகள்தான்.
ஒன்றுக்கு பீட்டா நூற்றெழுபது,
ஒன்றுக்கு முந்நூற்று நாற்பது.

பீட்டாவை நம்பிக் கட்டாதே என்று
அரிசிச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.
மேலே நாற்பத்தேழு கே, கீழே பத்து கே,
எமிட்டருக்கு அடியில் ஆயிரம் ஓம்.
இப்போது மின்னோட்டம் மிஞ்சினால்
எமிட்டர் எழும்பும்,
எமிட்டர் எழும்பினால் பேஸின் பிடி தளரும்.
தன் காதைத் தானே திருகிக்கொண்டு
தன் இடத்துக்குத் திரும்பும்.
காலையில் 4.6. உச்சியில் 4.6.
மூன்றாவது டிரான்சிஸ்டரை மாட்டினாலும்
கிட்டத்தட்ட அதேதான்.

ஆனால் பெருக்கம் ஐந்துகூட இல்லை.
நிதானத்துக்கு விலை அது.
அரிசிக்குள் ஒரு கூன்வண்டுப் புழு
உமியை விடச் சின்ன வாயால் கடிப்பதை
ஐந்து மடங்கு ஆக்கினாலும்
அது ஒன்றுமில்லாததின் ஐந்து மடங்கு.

எமிட்டரின் ஆயிரத்துக்கு இணையாக
நூறு மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று.
நிற்பதற்கு ஆயிரம் ஓம்,
நடுங்குவதற்கு மட்டும் குறுக்குவழி.
இருபத்தாறு மில்லிவோல்ட்டை ஓட்டத்தால் வகுத்தால்
உள்ளே மிஞ்சுவது இருபத்தெட்டு ஓம்.
நாலாயிரத்து எழுநூறை அதனால் வகுக்க,
நூற்றறுபதுக்கும் மேலே.
பின்னால் இன்னொரு டிரான்சிஸ்டர்,
பெருக்க அல்ல, இயர்ஃபோனுக்குத் தோள் கொடுக்க.

சின்னக் குறிக்குக் கணக்குப் போடும்போது
ஒன்பது வோல்ட்டும் தரைதான்.
மாறாத எதுவும் சுழி.
எனக்கு இது கொஞ்சம் வேடிக்கை:
ஊரே தலையில் வைத்திருக்கிற பேட்டரி
ஒரு புழுவின் கணக்கில் வெறும் மண்.

தட்டை பீசோவை மூட்டையில் செருகினேன்.
முதல் பத்தும் சும்மா இருந்தன.
பதினொன்றாவதில்
காய்ந்த இலையை யாரோ
நகத்தால் மடிப்பது போல.
நிறுத்தி. மறுபடி. நிறுத்தி.
நீல சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.
மாலைக்குள் முப்பத்திரண்டு மூட்டையில் குறி.

ஊ மியா தவுங் இயர்ஃபோனை மாட்டி
கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.
மருந்துப் புகை போடச் சொல்வார் என்று நினைத்தேன்.
கழற்றி, துடைத்து, என் கையில் கொடுத்து,
மேஸ்திரியிடம் சொன்னார்:
"நீலக் குறியை முதல்ல ஏத்து.
வண்டு வெளியே வர்றதுக்குள்ள வித்துடணும்."
எனக்குப் பேசியதற்கு மேல் ஐயாயிரம் சாட்.

வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து
செயோன் கடையில் நாங்கள் எடுத்த அரிசி
வீட்டு மூலையில் நிற்கிறது.
கோமளா உலை வைக்கப் போகிறாள்.
சாக்கின் தையலோரம்
பாதி அழிந்த நீலக் கோடு,
குறுக்கே இன்னொன்று.
பீசோவைச் செருகவில்லை.
மீட்டரை மட்டும் கலெக்டரில் வைத்துப் பார்த்தேன்.
4.6.
அசையவே இல்லை.