பதினான்காம் எண் பெட்டி

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒருமுறை எழுது
என்றார்கள்.
கடித்தேன்.
தூக்கத்திலும் கடித்திருக்கிறேன் போல.
கீழ்க் கடைவாயில் இரண்டு முகடுகள்
தேய்ந்து வழவழத்துக் கிடப்பதை
டாக்டர் சியா சிறு கண்ணாடியில் காட்டினார்.
மூன்று ஆண்டுகளாக அவர் பக்கத்தில் நின்று
அடுத்தவர் வாயில்
எச்சில் உறிஞ்சும் குழாய் பிடிப்பவள் நான்.
அன்றுதான் அந்த நாற்காலியில் சாய்ந்தேன்.
இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து தந்தார்.
காசு வாங்கவில்லை.
பரீட்சை எப்போது என்றும் கேட்கவில்லை.

வேதியியல் எனக்கு வரும். உயிரியலும்.
வராதது கோணம்.
நான்கைத் திரையில் வைத்து
எது சிறியது, எது அதைவிடப் பெரியது என்பார்கள்.
இரண்டு பாகை வித்தியாசம்,
ஒரு மயிரிழை.
அதற்குள் விழுந்து காணாமல் போகிறது
ஒரு முழு ஆண்டு.

ஆகவே பழகுகிறேன்.
புக்கிட் பாத்தோக், பன்னிரண்டாம் மாடி.
சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீண்ட
மூங்கில் கழிகளை வரிசைப்படுத்துகிறேன்:
எங்கள் கழி,
திருமதி இங் வீட்டுக் கழி,
தூறலுக்குப் பயந்து யாரோ இழுக்கத் தொடங்கி
பாதியில் விட்ட கழி.
எதிர் புளோக்கைக் கட்டை கட்டையாகப் பிரிக்கிறேன்.
வெளிப்புறம் மட்டும் சாயம் அடித்தால்
இரண்டு முகத்தில் சாயம் பட்டவை எத்தனை?
மூன்று முகத்தில்?
எல்லாவற்றுக்கும் நடுவே
ஒரு சொட்டுச் சாயமும் படாமல் ஒன்று இருக்கும்.
அதை எண்ண மறப்பவர்கள் உண்டு.
நான் மறந்ததில்லை,
ஒருமுறைகூட.

தீபாவளிக்கு வந்த பூங்கோதைச் சித்தி
தாதிமைப் படிப்பும் நல்லதுதானே என்றாள்.
நல்லதுதான்.
முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.
மேல்வரிசை இடப்பக்கம்
அவளுடைய கிரவுன் லேசாக ஆடுவது
எனக்கு முன்பே தெரியும்.
ஏழாம் நாள் கிளினிக்குக்கு வந்தாள்.
குழாயை நான்தான் பிடித்தேன்.

தஞ்சோங் பகார், ஒன்பதாம் மாடி.
பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டு.
சட்டைக் கையை மடித்துக் காட்டு.
மூக்குக்கண்ணாடி, தோடு, காதின் பின்புறம்.
மேசைக்குப் பின்னால் நூர்லியானா.
ஐந்து முறையும் அவள்தான்.
போன வருடம் வயிற்றில் இருந்த பிள்ளை
இன்று கணினி ஓரத்தில் படமாகச் சிரிக்கிறது,
கீழ்முன்பல் இரண்டு.
நான் கேட்காமலே எடுத்துத் தந்தாள்
பதினான்காம் எண் பெட்டியின் சாவியை.

பக்கத்து நாற்காலியில் ஒரு பையன்.
தேசிய சேவை முடித்த தலையில்
இன்னும் சரியாக முடி வளரவில்லை.
முழங்கால் நிற்காமல் ஆடியது.
உங்களுக்கும் முதல் தடவையா
என்று ஆங்கிலத்தில் கேட்டான்.
ஆமாம் என்றேன்.
நூர்லியானாவின் விரல்கள்
தட்டச்சில் ஒரு நொடி நின்று
தொடர்ந்தன.
முழங்கால் அடங்கியது.

உள்ளே, தாளை மடி, இன்னொரு முறை மடி,
துளையிடு,
பிரித்தால் துளைகள் எங்கெங்கே?
பிறகு கோணங்கள் வந்தன.
மூன்றாவதாக நின்றது திருமதி இங் வீட்டுக் கழி.
பார்த்தவுடன் தெரிந்தது.
தெரிந்ததா,
தெரிந்ததாக நினைத்தேனா.

மதிப்பெண் தாளை
எப்போதும்போல் கவிழ்த்தே கொடுத்தாள்.
குடை இருக்கிறதா, கீழே மழை என்றாள்.
மின்தூக்கியில் பார்க்கவில்லை.
கோப்பிக்கடையில்,
கோப்பி ஆறித் தோல் படியும் வரை பார்க்கவில்லை.
ரயிலில் நீளவாக்கில் ஒருமுறை மடித்தேன்.
குறுக்கே ஒருமுறை.
ஜூரோங் ஈஸ்ட்டில் மாறும் கூட்டத்தில்
யார் இதை ஊசியால் குத்தினாலும்
பிரிக்கும்போது நான்கு.
எங்கெங்கே என்றும் சொல்வேன்,
விடைகளைக் காட்ட வேண்டியதில்லை.

புக்கிட் பாத்தோக்கில் மழை வலுத்திருந்தது.
எல்லா மாடியிலும்
கழிகளை உள்ளே இழுத்துவிட்டார்கள்.
வரிசைப்படுத்த ஒரு கோணமும் இல்லை.
புளோக்கின் கீழ்த்தளத்தில்,
தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
தாளைப் பிரித்தேன்.