வரி முடிவில் ஒரு கோடு

செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்கு
மூன்றாம் கை மாறி வந்தது
இத்தாலிச் சங்கிலி மெஷின்.
கூடவே எண்ணெய் குடித்த ஒரு புத்தகம்,
அதுவும் அந்த ஊர்ப் பேச்சில்.

கம்பி உள்ளே போய்த் துண்டாகி, வளைந்து,
முன்னே போன வளையத்தின் காதைப் பிடித்தபடி
வெளியே வரும் சத்தத்துக்கு
இரவு ஷிப்டில் சொல் பிரித்துப் பழகினேன்.

வெள்ளிக்கு ஆர்-ஜென்-தோ.
வளையத்துக்கு அ-னெல்-லோ,
இரட்டை லகரத்தில் ஆளுக்கொன்று,
நம்ம நெல்-லு மாதிரியே.
தண்ணீருக்கு ஆக்-குவா,
எங்கள் தெருவில் நாலு நாளுக்கு ஒருமுறை.

முறைத்துக்கொண்டது ஸ் மட்டும்தான்.
நாமென்றால் அதை முன் அசையின் வாலில் கட்டுவோம்.
அவர்கள் பின் அசையின் தலையில் ஏற்றுகிறார்கள்: பா-ஸ்தா.
மெய் முதலில் நிற்காது என்று படித்த வாய்.
இரும்பாலை பஸ்ஸில்கூட
ஓர் இகரத்தை முட்டுக்கொடுத்து
இஸ்டீல் பிளாண்ட் என்றுதான் டிக்கெட் கேட்போம்.

பதினேழாம் பக்கம் சிவப்பு எழுத்தில் முடிகிறது.
கடைசி வரி ஓரத்தில்
ஃபெ, ஒரு சிறு கோடு.
அடுத்த தாள் இல்லை.

ஃபெர்மாரே, நிறுத்து என்று அர்த்தம்,
என்றார் முதலாளி நல்லமுத்து.
நிறுத்து என்று ஸ்டிக்கர் அடித்து
சிவப்புப் பொத்தான் மேல் ஒட்டினார்.
பொத்தான்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று
மூடியைத் திறந்து வைத்தே கம்பி கோத்தாள் அஞ்சுகம்.

ஆனால் அது ஃபெர்-மா-ரே.
ரகரத்துக்குப் பிறகல்லவா கோடு விழுந்திருக்கும்?
வெறும் ஃபெ என்றால்
எனக்குத் தெரிந்து இரண்டு சொல்:
ஃபெ-ஸ்தா, திருவிழா.
ஃபெ-ரீ-தா.

அஞ்சுகத்திடம் சொன்னேன்.
திருவிழாவாத்தான் இருக்கும்,
கோட்டை மாரியம்மனுக்கு லீவு விடச் சொல்லியிருப்பான்
என்று சிரித்தாள்,
இரண்டு விரல் உள்ளே இருந்தது.

அன்றிரவு ஸ்டிக்கரைப் பிய்த்து
மார்க்கர் பேனாவால் எழுதினேன்:
கா-யம்.
நேர் நேர் தேமா.
பத்தாம் வகுப்பில் இதற்கு இரண்டு மார்க்.

காலையில் வந்தவள்
நடுவில் எதற்குக் கோடு என்றாள்.
பதில் தோன்றவில்லை.
விரலை எடுத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

மத்தியானம் வரை மூடி மூடியே இருந்தது.