முப்பது மில்லி

முன்னூற்றுப் பத்து மரம் எனக்கு.
எந்தப் பட்டையில் எந்த முண்டு என்று
நெற்றி விளக்கு இல்லாமலே சொல்வேன்.
கத்தி ஆழமாய் இறங்கித் தடியில் பட்டால்
மரம் மறப்பதில்லை,
அந்த இடத்தில் கல்லாய்த் திரண்டு நிற்கும்.

கனகபாயிடம் அது
ஏழு மாதம் இருந்திருக்கிறது.
"நோவு இல்லயே" என்றாள்,
"நோவாத ஒண்ணுக்கு
யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாவளா?"
அஜிஷாவுக்கு பிளஸ் டூ பரீட்சை,
பிறகு மழை,
பிறகு ஷீட்டுக்கு விலை இல்லை.
எல்லாம் கழிந்து ஒரு ராத்திரி
குளித்துவிட்டு வந்து
ஈரக்கையால் என் கையை எடுத்து
அங்கே வைத்தாள்.

அருமனையில் முதல் பஸ்.
களியக்காவிளையில் இறங்கி மாறினால்
போர்டுகளில் எழுத்து மாறிவிடும்.
ஸ்கேன் கவர், கஞ்சிப் பாத்திரம்,
அடகுக்குப் போன மாலையின் தடம் அவள் கழுத்தில்.
பாறசாலை தாண்டும்போது சொன்னாள்:
"சபையில கேட்டா
கர்ப்பப்பைக் கட்டின்னு சொல்லும்."

வரிசையில் பாதிப்பேர் நம்ம பக்கம்.
தக்கலை, குலசேகரம்,
ஒருத்தி செங்கோட்டையிலிருந்து ரயிலில்.
நர்ஸ் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்:
"கனகபாயுடெ ஆளுண்டோ?"
கல்யாணம் கழிந்து இருபத்தொரு வருஷம்.
அன்றுதான் அதற்குக் கை தூக்கினேன்.

டாக்டர் தாளில் வரைந்து காட்டினார்.
ஒரு வட்டம். அக்குளில் நாலு புள்ளி.
யார் செய்த குற்றமும் இல்லை,
தொட்டால் ஒட்டாது என்றார்.
"பால் கொடுத்தது குறைஞ்சு போச்சோ?"
என்று நான் கேட்டேன்.
ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது.
இரண்டு பிள்ளைக்கும்
இரண்டிரண்டு வருஷம் கொடுத்தவள்
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது
இடது விலாவில் குழாய்,
குழாயின் நுனியில் குப்பி.
தினமும் அளந்து எழுத வேண்டும்.
இரண்டு நாள் சேர்ந்தாற்போல
முப்பது மில்லிக்குக் கீழே வந்தால்
குழாயை எடுத்துவிடலாம்.
வேறு நோட்டு கைக்கு அகப்படவில்லை.
பால் கணக்கிலேயே எழுதினேன்:
திங்கள், பால் இருபத்தேழு லிட்டர், குப்பி நூற்று நாற்பது.
செவ்வாய், மழை, வெட்டு இல்லை, குப்பி நூற்றுப் பத்து.
இன்னும் கொஞ்சம் ஒழுகு, இன்னும் கொஞ்சம் என்று
மரத்தடியில் நின்றே வயதானவன்
சிவந்த அந்தத் தண்ணீரிடம்
போதும், நில்லு என்று கெஞ்சினேன்.

ஆறு வயது ஜெபின்
யாரும் சொல்லாமலே
அவளுடைய வலதுபக்கம் மாறிப் படுத்தான்.
ஒருநாள் கேட்டான்:
"அம்மா, வெட்டின பட்டை திரும்ப வளரும்லா?"
சிரித்தால் தையல் இழுக்கும்,
ஆனாலும் சிரித்தாள்.
"நான் ரப்பர் இல்லடே."

அஜிஷா ஒன்றும் கேட்கவில்லை.
மருந்துச் சீட்டை வைத்து
மலையாள எழுத்துப் படித்தாள்.
தலைமுடி கொட்டிய வாரம்
தலையணை உறையை மூன்று தடவை துவைத்தாள்.
ராத்திரி அடுக்களையில்
தண்ணீர் குடிக்கப் போன என்னிடம்
"எனக்கும் வருமாப்பா?" என்றாள்.
தெரியாது மக்களே என்றேன்.
பொய் சொல்லியிருக்கலாம்.
ஆனால் ஏழு மாதம்
சொல்லாமல் வைத்ததைத்தானே
இந்த வீடு தின்றுகொண்டிருந்தது.

சனி, குப்பி இருபத்தெட்டு.
ஞாயிறு, இருபத்து மூன்று.

குழாய் எடுத்த மறுவாரம்
ஆராதனை முடிந்து பெண்கள் வந்தார்கள்.
கையில் ஆரஞ்சுப் பை,
வாயில் கர்ப்பப்பை விசாரிப்பு.
"கர்ப்பப்பை இல்ல" என்றாள் கனகபாய்.
ஆரஞ்சு ஒன்று உருண்டு
கட்டிலுக்கடியில் போனது.
பிறகு அறைக் கதவைச் சாத்தினார்கள்.
அஜிஷாவும் உள்ளே.

சுவருக்கு இப்பால் எனக்குக் கேட்டது கொஞ்சம்தான்.
"விரல் நுனியால குத்தப்பிடாது பிள்ளே,
விரலைப் படுக்க வச்சு, வட்டமா,
அக்குள் வரைக்கும்.
ஒரு வித்தியாசம் தெரிஞ்சா
யாருக்க பரீட்சையும் பாக்காதே."

டிரேயில் பால் உறைந்துவிட்டது.
ஷீட் அடிக்க ரோலருக்கு
ஆள் இரண்டு வேண்டும்.
கூப்பிடாமல் நின்றேன்.